“பொம்மை கம்பெனிதான் சார்”

ஜெயா அக்கா இன்று காலை இறந்துவிட்டார். விருத்தாசலத்தில் என்னோடு ஒரே பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தவர்.

அச்சில் வார்த்துக் காய்ந்த பொம்மைகளைச் சூளைக்குப் போகும் முன் உப்புத்தாளால் தேய்ப்பதுதான் எங்கள் வேலை. சாயங்காலம் பார்த்தால் புருவமெல்லாம் வெள்ளை... “கல்யாண வயசுலயே கெழவியாயிட்டடி” என்று என்னைக் கிண்டல் செய்வார்.

இருமல் நிற்காதபோது எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போனது நான்தான். ஊசி போடுவார்களோ, குழாய்க்குள்ள தள்ளுவார்களோ என்று வழியெல்லாம் புலம்பல்.

ஒன்றுமே இல்லை. கழுத்தில் கிடப்பதைக் கழற்றிவிட்டு, கவுன் மாட்டிக்கொண்டு, சில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்க வேண்டும். வலிக்காது.

எக்ஸ்ரே எடுக்கிற தம்பி, “மாசமா இருக்கீங்களாம்மா?” என்று கேட்டார். எல்லாப் பெண்களிடமும் கேட்பதுதான். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நான் இல்லப்பா, என் பொண்ணுதான் மாசமா இருக்குது!”

“மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க... ஆடாதீங்க.” அக்கா இழுத்தார், இருமினார். படம் கலங்கிவிட்டது. மறுபடியும் நிற்க வைத்தார்கள்.

“புடிக்கிற அளவுக்கு மூச்சு இருந்தா நான் ஏம்பா இங்க வரப்போறேன்?”

படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். டாக்டர் வெளியூர்க்காரர். என்ன வேலை என்று கேட்டார். “பொம்மை கம்பெனிதான் சார்” என்றார் அக்கா.

எங்க ஊரில் பொம்மை என்றால் பீங்கான். வேறு அர்த்தமே கிடையாது. அவர் துணி பொம்மை என்று நினைத்தாரோ, பிளாஸ்டிக் என்று நினைத்தாரோ... டி.பி. என்று சொல்லிவிட்டார்.

சளி டெஸ்டில் கிருமி இல்லை என்று வந்தது. அப்படியும் மாத்திரை. அது முடிந்தும் இருமல் போகாததால் மறுபடி முதலிலிருந்து மாத்திரை.

“வேலைக்குப் போலாமா சார்?”

“தாராளமா போங்க.”

போனார். அதே தூசியில் உட்கார்ந்து தேய்த்தார்.

கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, “பொம்மைய எதுல செய்வீங்க?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேள்வி. கல்லுத் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது, இனி எடுக்க முடியாது என்றார்.

“இத மொதல்லயே யாராச்சும் கேட்டிருக்கலாம்லம்மா...” அக்கா கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாவிகள், எங்களுக்கும்தானே அதைச் சொல்லத் தோன்றவில்லை.

இன்று முதலாளி வந்தார். மாலையை டிரைவரிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, தெருமுனையிலேயே நின்றார். முகத்தில் மாஸ்க், ஒன்றின் மேல் ஒன்று.

“டி.பி.யாச்சே... ஒட்டிக்கும்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருத்திக்கும் ஒரு மாஸ்க் கொடுத்ததில்லை அந்த ஆள். முந்தானையைத்தான் மூக்கில் கட்டிக்கொண்டு தேய்த்தோம்.

“ஒட்டாதுங்க, பயப்படாம வாங்க. உள்ள இருக்கறது உங்க கம்பெனி மண்ணுதான்” என்றேன். காரில் ஏறிப் போய்விட்டார்.

நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா, தெரியாது.

மகள் வந்துகொண்டிருக்கிறாள், வந்ததும் எடுத்துவிடுவார்கள். போங்க அக்கா... அழுகையை விட ஆத்திரம்தான் வருது.