லோர்னா கெட்டர்மனின் விளக்கு

லோர்னாவும் மகள் டெனாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை, கயிறுகளை ஜோடி சேர்த்தது. ஊதா ஒன்று, வெள்ளை ஒன்று. நர்சுகளின் சர்வதேச கௌரவச் சங்கத்தில் அந்த வசந்தத்தில் சேரவிருந்த மாணவிகள் கழுத்தில் அணிய. இண்டியானாபோலிஸ் வீட்டுச் சாப்பாட்டு மேஜை முழுக்கக் கயிறு. லோர்னா குஞ்சங்களை இஸ்திரியால் நேராக்கினாள். டெனா முடிச்சுப் போட்டாள்.

"இவ்ளோ இறுக்காதடி. பம்புக்கு ட்யூப் மாட்டுறேன்னு நெனப்பா?"

டெனா ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் பம்புகளைப் பழுதுபார்ப்பவள்.

"அவுந்துச்சுன்னா என்னத்தான திட்டுவே."

போன் அடித்தது. அம்மாவோடு வேலை பார்க்கும் நர்சு ரோஷெல். லோர்னா ஜன்னலோரம் போய் நின்று வயிறு குலுங்கச் சிரித்தாள். டெனாவின் எந்த ஜோக்குக்கும் அந்தச் சிரிப்பு வந்ததில்லை.

"என்ன சொன்னாங்க?"

"வார்டு விஷயம்டி. உனக்குப் புரியாது."

அந்த வாரமே லோர்னா, மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் விழுந்தாள். முதலில் ஓடிவந்தது ரோஷெல். அதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

லோர்னா சோள வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூரில் பிறந்தவள். முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றும் வேலையில் தொடங்கினாள். கணவன் விட்டுப்போன பின் ஒற்றை ஆளாக டெனாவை வளர்த்தபடியே நர்சானாள். நாற்பது வயதில் மாலைக் கல்லூரியில் பட்டம் வாங்கினாள். மதிப்பெண்ணைப் பார்த்துச் சங்கம் அழைத்து, மேடையில் சேர்த்துக்கொண்டது. அதே மேடையில் அதே நாளில் சேர்ந்தவள்தான் ரோஷெல். அதன்பின் மாதக் கூட்டம், உலக மாநாடு, எல்லாம் அவளோடுதான். டப்ளின் மாநாட்டிலிருந்து டெனாவுக்கு வந்தது பாத்திரம் துடைக்கும் துணி ஒன்று. நர்சு அல்லாதவளுக்கு அந்தச் சங்கத்தில் பார்வையாளர் நாற்காலி மட்டும்தான் உண்டு.

சவ அடக்கத்தன்று நர்சுகள் வெள்ளை உடையில் வரிசையாக நின்றார்கள். இறந்த நர்சை மும்முறை பேர் சொல்லி அழைத்து விடைகொடுக்கும் சடங்கு. ரோஷெல் கையில் எரியும் விளக்கு.

"லோர்னா கெட்டர்மன், நர்ஸ்."

ஒருத்தி மணியடித்தாள். பதில் இல்லை. ரோஷெல் மறுபடி அழைத்தாள். மூன்றாம் முறை அழைக்கும்போது குரல் உடைந்தது.

"லோர்னாவின் பணி முடிந்தது."

விளக்கை ஊதி அணைத்தாள். அணைத்த விளக்கு குடும்பத்தார் கைக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். முன்வரிசையில் டெனா இரு கைகளையும் நீட்டினாள். ரோஷெல் விளக்கை மார்போடு சேர்த்துப் பிடித்து அழுதபடி தன் நாற்காலிக்குப் போய்விட்டாள். நீட்டிய கைகளை டெனா மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ரோஷெல்லின் தட்டுக்குப் பக்கத்திலேயே விளக்கு இருந்தது.

"அது எனக்கு வரவேண்டியது," என்றாள் டெனா.

"எது கண்ணு?" ரோஷெல் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "ஐயோ. எத்தன பேருக்கு இதச் செஞ்சிருக்கேன். ஒரு தடவகூட மறந்ததில்ல."

"எங்கம்மாவுக்கு மறந்துட்டீங்க."

"அவ எனக்கும்..." ரோஷெல் நிறுத்திக்கொண்டாள். விளக்கை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். "உனக்கு என்னப் பிடிக்காதுன்னு லோர்னா சொல்லுவா. 'அவ பொறாமைக்காரி, என்ன மாதிரியே'ம்பா."

"அம்மாவுக்கு யார் மேல பொறாம?"

"உம்மேலதான். உன் பம்பு கெட்டாக் கழட்டி மாட்டிடலாம், எங்க பேஷண்ட் போனாப் போனதுதான்னு சொல்லுவா."

டெனாவிடம் அம்மா இதைச் சொன்னதில்லை. இதையும் இவளிடம்தான் சொல்லியிருக்கிறாள். விளக்கை வாங்கிக்கொண்டாள். பித்தளை லேசாகச் சூடாக இருந்தது. ரோஷெல்லின் கைச்சூடு.

"ஞாயித்துக்கிழம பொண்ணுங்களச் சங்கத்துல சேக்கற விழா நடக்குது கண்ணு. பேக்கரில லோர்னா கேக் சொல்லி வெச்சிருக்கா. நாளைக்கு அவ போய் எடுக்கறதா இருந்துச்சு. நான் எடுத்துக்கறேன், நீ அலைய வேணாம்."

"நீங்க போகாதீங்க," என்றாள் டெனா. "எந்த பேக்கரி?"