மாமா அடித்த கடைசி வரி

என் மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, நடக்கும்போதும் விரல் சும்மா இருக்காது. இல்லாத டைப்ரைட்டரைத் தட்டிக்கொண்டே போவார். அரசாங்க அலுவலக வாசலில் மேசை போட்டு, முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுத்தவர். அதிகாரி முன்னால் மட்டும் வாய் திறந்ததில்லை. "பேசறதுக்குத்தான் பேப்பர் இருக்கே மாப்ளே" என்பார்.

எங்கள் தெருவை ஒட்டிக் காற்றாலை ஒன்றை நட்டார்கள். சோதனை ஓட்டம் தொடங்கிய நாளோடு அக்காவின் நிம்மதி போயிற்று. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இறக்கையின் நிழல் சமையலறைச் சுவரை வெட்டி வெட்டி ஓடும். தலைசுற்றி அப்படியே உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் எண்ணெய்ச் சட்டியோடு தடுமாறியதில் வலது கை வெந்துபோனது. ஜன்னலில் போர்வை கட்டினோம். "இருட்டுலயே சமைச்சு இருட்டுலயே சாகணுமா?" என்று கத்தினாள். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

காற்றாலையை நிரந்தரமாக ஓட்ட அனுமதிக்கக் கூடாது என்று மாமா மனு அடித்தார். நான் வீடு வீடாக அலைந்து நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினேன். யாரும் படித்துப் பார்க்கவில்லை. மாமா அடித்ததில் தப்பிருக்குமா என்ன!

விசாரணையன்று அதிகாரி நிதானமாகப் படித்தார். கடைசி வரியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"'தங்கள் முடிவு எதுவாயினும் மனப்பூர்வமாகக் கட்டுப்படுகிறோம்'னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு இத்தனை பேர் வந்து நிக்கிறீங்க?"

கூட்டம் மொத்தமும் மாமாவைத் திரும்பிப் பார்த்தது. பெயர்த் திருத்தமோ குழாய் இணைப்போ, எந்த மனுவையும் அவர் முடிக்கிற வரி அது. பழக்கதோஷம், விரல் தானாக அடித்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அக்கா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

மாமா எழுந்தார்.

"அந்த வரி நான் பழக்கத்துல அடிச்சது. இவங்க யாரும் சொல்லலை. என் பொண்டாட்டி கை வெந்து உட்கார்ந்திருக்கா. நான் எப்படிக் கட்டுப்படுவேன்?"

"வாயால சொன்னா செல்லாது. எழுதிக் கொடுங்க."

யாரோ தாளும் பேனாவும் நீட்டினார்கள். மளமளவென்று எழுதியவர் கடைசியில் நின்றுவிட்டார். அந்த வரி இல்லாமல் ஒரு மனுவை எப்படி முடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. விரல்கள் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தன.

அக்கா எழுந்து வந்தாள். பேனாவை இடது கையில் வாங்கினாள். கோணல்மாணலாக, "கட்டுப்பட மாட்டோம்" என்று எழுதி, அதன் அடியில் முதல் கையெழுத்தைப் போட்டாள்.