ட்ராக் பாடுகிறவளின் பதினாறு வரி

அந்த ஸ்டூடியோவுக்குப் பாட வருகிறவர்கள் அவளைத் ‘தராசு’ என்பார்கள். வரியில் ஒரு அசை கூடினாலும் குறைந்தாலும் அவள் காதுக்குத் தெரிந்துவிடும். டயர் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில், ஜன்னல் இல்லாத, சுவரெல்லாம் பஞ்சு அடித்த அந்த அறைக்குப் பத்தொன்பது வயதில் போன் எடுக்க வந்தவள், பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே மிக்ஸிங் கற்றுக்கொண்டாள். இப்போது முப்பத்து நான்கு. முதலாளிக்கு ஏசியை அணைக்க மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் அவள்.

ராப் பாட வரும் பையன்கள் மூட்டை மூட்டையாக எழுதிக்கொண்டு வருவார்கள். தாளத்தில் ஏற்றினால் பாதி வெளியே தொங்கும். அப்போது அவள்தான் மைக் முன்னால் நின்று ட்ராக் பாடிக் கொடுப்பாள். எந்தச் சொல் எங்கே விழ வேண்டும் என்று காட்டும் மாதிரிக் குரல் அது. பையன் அதை ஹெட்ஃபோனில் கேட்டுக் கேட்டுத் தன் குரலில் பாடி முடித்ததும் ட்ராக்கை ஊமையாக்கிவிடுவாள். ஊரில் ஓடிய பாட்டுகளில் பாதிக்கு அவள் குரல்தான் அஸ்திவாரம். அஸ்திவாரத்தை யார் பார்க்கிறார்கள்?

வருகிற பாட்டுகளில் முக்கால்வாசி யாரோ ஒரு பெண்ணைத் திட்டுவதாகவே இருக்கும். ஏமாற்றியவள், பணத்துக்கு அலைந்தவள், இன்னும் வாயால் சொல்லக் கூசுகிறவை. அந்தச் சொற்கள் வரும் இடங்களில் அவள் ‘தகிட தகிட’ என்று நிரப்பிவிடுவாள்.

அவளைப் பற்றியே அப்படி ஒரு பாட்டு உண்டு. விட்டுப்போன புருஷன் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பாடியது. ‘உப்பில்லாதவ, ஒப்புக்கு வந்தவ, தப்பெல்லாம் அவ மேலதான்.’ அவள் கொடுத்த காப்பி ஆறிப்போனதுகூட அதில் ஒரு வரி. பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. பஸ் டிரைவர் அதை ஹாரனில் அடித்தார். தங்கை மகள், யாரைப் பற்றிய பாட்டென்று தெரியாமல், இவள் மடியிலேயே உட்கார்ந்து கைதட்டிப் பாடினாள். இவளும் கூடச் சேர்ந்து தட்டினாள். குழந்தையிடம் என்னத்தைச் சொல்ல?

ஒரே ஒரு தடவை, தன் வாயால், நாலு பேர் கேட்கப் பதில் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். முதலாளியிடம் மூன்று முறை கேட்டாள். “பொம்பளை ராப்பை யாரும்மா கேப்பா? அழுகைப் பாட்டுன்னா சொல்லு, போட்டுடலாம்” என்று மூன்று முறையும் அதே பதில்.

இந்த நிலைமையில்தான் ‘எரிமலை’ வந்து சேர்ந்தான். பெயர்தான் எரிமலை, ஊதினால் பறக்கிற உடம்பு. இருபத்து மூன்று வயது. இரண்டு பாட்டிலேயே ஊரைக் கலக்கியவன். மூன்றாவது பாட்டு, விட்டுப்போன காதலியைப் பற்றியது. திட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான்காவது முறை பாடும்போது நடுவில் குரல் உடைந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதான். ஹெட்ஃபோனில் எல்லாம் இவளுக்குக் கேட்டது. என்னதான் நடந்தது என்று விசாரித்தாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை போன் செய்தானாம். அந்தப் பெண் எடுக்காத அன்று வீட்டுக்கே போய்க் கதவைக் குத்தினானாம். கை வீங்கியதாம். அவள் அன்றோடு போய்விட்டாளாம்.

“இதைப் பாடேன்டா. இது நல்லா இருக்கே” என்றாள்.

“நான் அழுதா யாருக்கா கேப்பா? திட்டினாதான் கைதட்டுவாங்க. அந்த அழுகையை வெட்டிடுங்க.”

வெட்டினாள். அவனை வெறுக்கவும் முடியவில்லை, அந்தப் பாட்டை விழுங்கவும் முடியவில்லை. மறுநாள் மதியம் முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் கதவைச் சாத்தி, அதே பீட்டை ஓடவிட்டு, அதே தாளக்கட்டில் பதினாறு வரி பாடிப் பதிவு செய்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணின் வரிகள். யாருக்கும் இல்லை, தனக்கு.

அதை எங்கே ஒளித்து வைப்பது? ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் எந்தப் பாட்டுக்கும் ஒரு கோப்போடு கதை முடியாது. ‘கடைசி’ என்று ஒன்று இருக்கும். பிறகு ‘கடைசி இரண்டு’, ‘இதுதான் கடைசி’, ‘முதலாளி சொன்ன கடைசி’ என்று வால் நீளும். இந்தக் கூட்டத்தில் இன்னொன்றை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அதற்கு ‘சத்தியமா கடைசி’ என்று பேர் வைத்தாள்.

அங்கேதான் கோட்டை விட்டாள். மைதானத்தில் எரிமலையின் பாட்டு வெளியீட்டு விழா. மேடையில் பாடுகிறவர்கள் பின்னால் பதிவை ஓடவிட்டு அதன் மேல்தான் பாடுவது வழக்கம். மிக்ஸிங் மேஜையோடு அவள் காலையிலேயே மைதானத்துக்குப் போய்விட, பாட்டைப் பென் டிரைவில் எடுத்து வந்தது முதலாளி. இருபது கடைசிகளைப் பார்த்து மண்டை காய்ந்தவர், சத்தியம் செய்கிற ஒன்றை நம்பி எடுத்துவிட்டார். மனுஷன் யாரைத்தான் நம்புவார்! விழா தொடங்கும் நேரத்தில் அவர் நீட்டியதை அவளும் பேர் பார்க்காமலே மேஜையில் செருகினாள்.

மாலை வெயில் இன்னும் இறங்கவில்லை. மூவாயிரம் பேர். அவள் கூட்டத்தின் நடுவே, தடுப்புக் கம்பிகளுக்குள், மேஜை முன்னால் நின்றாள். எரிமலை ஓடி வந்து குதித்தான். பீட் விழுந்தது. தரை அதிர்ந்தது. அவன் வாயைத் திறந்தான். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வந்தது.

*நாப்பது தடவை அடிச்ச, நான் எடுக்கல;*
*நாலே வார்த்தை சொன்னேன், நீ கேக்கல.*
*கதவைக் குத்தின கை உன் கை,*
*கதையில மட்டும் கெட்டவ நானா? பொய்.*

அவளுக்கு அது தன் குரல் என்று புரிவதற்கே ஒரு வரி போய்விட்டது. எரிமலை மைக்கைப் பிடித்தபடி கல்லாய்ச் சமைந்து நின்றான். முதலில் கூட்டம் சிரித்தது. பிறகு முன்வரிசையில் நின்ற பெண்கள் கத்த ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தம் பின்னால் பரவியது. மேடையோரத்திலிருந்து முதலாளி, கழுத்தை அறுப்பது போல் கையை ஆட்டி, நிறுத்து நிறுத்து என்று சைகை காட்டினார்.

நிறுத்த ஒரு விரல் போதும். விரல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் மேல்தான் இருந்தது. கீழே இழுத்தால் வேலை தப்பும், மானம் தப்பும், எல்லாம் ஏதோ கோளாறு என்று முடிந்துவிடும்.

மேலே தள்ளினாள்.

பதினாறாவது வரி முடிந்தது. வெறும் பீட் ஓடியது. பின்னாலிருந்து பையன்கள் கூட்டம் ஒன்று, பெண் குரலைக் கிண்டல் செய்வதற்கென்றே, ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய பாட்டை எடுத்துவிட்டது. உப்பில்லாதவ, ஒப்புக்கு வந்தவ. நூறு குரல், பிறகு ஐந்நூறு.

மேடையில் இருப்பவர்களுக்குச் சேதி சொல்ல மேஜையில் ஒரு சின்ன மைக் உண்டு. அதைக் கையில் எடுத்து, ஒலிபெருக்கிக்கு மாற்றிவிட்டாள்.

“அந்தப் பாட்டுல வர்றவ நான்தான்” என்றாள்.

பாட்டு அங்கங்கே அறுந்தது. அவள் பீட்டுக்குக் காத்திருந்து, இறங்கினாள்.

*உப்பில்லாதவ நான்தான், வந்திருக்கேன்;*
*ஒம்போது வருஷம் உதட்டைத் தச்சிருந்தேன்.*
*காப்பி ஆறினதை ஊருக்குப் பாடின,*
*காய்ச்சல்ல கெடந்தப்போ எங்கடா ஓடின?*

மைதானம் எகிறியது. யாரோ ஒரு பெண்மணி தன் பையைத் தலைக்கு மேல் சுழற்றினார். கிண்டல் செய்த பையன்களில் ஒருவன் “அடிங்கக்கா” என்று கத்தினான். கட்சி மாற அவனுக்கு நாலே வரி போதுமாயிருந்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எழுதி வைத்த வரி ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒன்பது வருஷம் உள்ளே கிடந்தது ஒன்றன்பின் ஒன்றாக, இடம் தெரிந்து வந்து விழுந்தது.

அப்போது பீட் நின்றுவிட்டது. தனக்காகப் பதிந்த கோப்பு அது, அத்தோடு முடிந்தது. பாதி வரியில் அவள் குரல் மட்டும் அந்தரத்தில் நின்றது.

எரிமலை மேடை விளிம்புக்கு வந்தான். முகம் சிவந்திருந்தது. திட்டப் போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவனோ மைக்கை இரண்டு கையாலும் பொத்தி, உதட்டோடு ஒட்டி, வாயாலேயே பீட் போட்டான். டும், டக், டுடும், டக். அதே வேகம், அரை மாத்திரை பிசகவில்லை.

இரண்டு சுற்று வீணாய்ப் போனது. அவன் நிறுத்தாமலே, இரண்டு அடிக்கு நடுவில் சொன்னான்.

“கோவம் இருக்குக்கா. நாளைக்குப் பேசிக்கலாம். இப்ப பாடுங்க.”

அவள் பாடினாள்.