மைக் இல்லாமல் சொன்ன சந்திரக் கதை

ஓட்டமாவடியில் முஸ்லிம் பெண்கள் அணியும் அபாயா அங்கி தைக்கும் ஸாதியா, உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்தவள். பரீட்சைக்கு முன்பே கல்யாணமாகிப் படிப்பு நின்றது. வாசிப்பை மட்டும் அவள் விடவில்லை. முப்பத்தாறு வயதில் எழுதவும் தொடங்கினாள். நூறு வருடங்களுக்குப் பின், கடல் ஏறி வந்து வாவியை விழுங்கிவிட்ட காலத்தைப் பற்றிய கதை. அதில் மிதக்கும் வயல்களை அமைக்கும் பொறியியலாளர் ஓட்டமாவடிப் பெண்.

அவள் அங்கத்தவராக இருந்த வாசகர் வட்டம், மாதந்தோறும் அறிவியல் வரலாற்றுக் கூட்டம் நடத்தியது. தன் கதையைக் காட்டி, அறிவியல் புனைகதை பற்றிப் பேச நேரம் கேட்டாள். தலைவர் கனகசிங்கம், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், மறுத்தார்.

“கற்பனை வேற, விஞ்ஞானம் வேற, பிள்ள.”

“கற்பனைக்கும் வரலாறு இரிக்கி, சேர்.”

“உன்ர கதையில எஞ்சினியரும் அபாயாவோடதானே நிக்கிறா? ஆர் நம்புவான்?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஸாதியா வீட்டுக்கு வந்தாள். மூன்று நாள் ஊசியில் நூல் கோக்கக்கூட மனம் வரவில்லை.

அடுத்த கூட்டம் தொலைநோக்கியின் வரலாறு பற்றியது. கேள்வி நேரத்தில் எழுந்து மைக்கை வாங்கினாள்.

“தொலைநோக்கி வந்த காலத்திலயே ஒரு வானியலாளர் சந்திரனுக்குப் போற கதை எழுதினவர். அங்கயிருந்து பாத்தா பூமி சுத்துறது தெரியும் எண்டு காட்டத்தான் எழுதினவர். பூமி சுத்துது எண்டா ஆக்கள் சிரிச்ச காலம் அது. பிறகு ரொக்கெட் செஞ்ச கனபேர் சின்ன வயசில சந்திரக் கதை வாசிச்சவங்க. இத ஏன் நீங்க சொல்லல்ல?”

கனகசிங்கம் கையசைத்தார். மைக் நின்றது.

“மைக்கத்தானே நிப்பாட்டினீங்க, சேர். என்ட தொண்டய இல்ல!”

கொப்பியை விரித்துத் தன் கதையின் முதல் அத்தியாயத்தை உரத்து வாசித்தாள். அவசரத்தில் ஒரு வரியை இரண்டு தரம் வாசித்தாள். நாலு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள்.

வாசலில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் கம்சாயினி அவளை மறித்தாள்.

“மிச்சத்த எப்ப வாசிப்பீங்க, அக்கா?”

“வெள்ளிக்கிழமை பின்னேரம் என்ட தையல் கடைக்கு வாங்க.”

முதல் வெள்ளி ஏழு பேர் வந்தார்கள். அந்த வாரமே வாசகர் வட்டத்திலிருந்து கடிதம் வந்தது: மன்னிப்புக் கேட்டால் மட்டுமே இனி அங்கத்துவம். ஸாதியா பதில் எழுதினாள்: ‘கேட்க மாட்டேன். வெள்ளிக்கிழமைகளில் கதை வாசிக்கிறோம். விரும்பினால் வாருங்கள்.’

கனகசிங்கம் இன்னும் வரவில்லை. வருகிறவர்களுக்குக் கதிரை போதாமல், துணி வெட்டும் மேசையிலும் ஏறி இருக்கிறார்கள்.