‘வந்து சேர்ந்தது’

என் சாமி மேடையின் இழுப்பறையில் ஒரு ரப்பர் முத்திரை கிடக்கிறது. மரப்பிடி. அடியில் ‘வந்து சேர்ந்தது’ என்று தமிழில் செதுக்கியிருக்கும். என் கொழுந்தனார் கைவேலை.

அவர் மலாக்காவில், பாச்சாங்கில் முத்திரை செய்யும் கடையில் வேலைக்கு இருந்தார். தங்கியதும் சாப்பிட்டதும் எங்களோடு, புக்கிட் பெருவாங் வீட்டில். அப்போது போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி. அரசாங்கத்துக்குப் பிடிக்காத ஓவியர்கள் கண்காட்சி வைக்க முடியாது. அதனால் படங்களைச் சிறிதாகச் செய்து, உறையில் போட்டு, வெளிநாட்டில் முகம் தெரியாதவர்களுக்கு அனுப்பினார்கள். ஏதோ பத்திரிகையில் முகவரி பார்த்து இவரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். ஒரு பெண் ஓயாமல் அனுப்புவாள். கிறுக்கல், கிழித்து ஒட்டிய காகிதம், பழைய பஸ் டிக்கெட். எனக்கு ஒன்றும் விளங்காது. ஒவ்வொன்று வந்ததும் இவர் ஓர் அட்டையில் அந்த முத்திரையைக் குத்தித் தபாலில் போடுவார். அதைப் பார்த்தால்தான் படம் போலீஸ் கையில் சிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

“கம்யூனிஸ்ட் நாட்டுக்குக் கடுதாசி போடுறியே, நம்ம வாசல்ல போலீஸ் ஜீப் வந்து நிக்கணுமாடா?” என்பார் என் வீட்டுக்காரர், தம்பி சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து. நானும் சிரித்திருக்கிறேன்.

“அவங்க படத்துக்கு அவங்க ஊர்ல எடமில்ல அண்ணி. நம்ம வீட்டுல ஒரு பெட்டி எடம் இருக்கு லா” என்பார் அவர்.

ஒருநாள் அவர் வேலைக்குப் போனபின் வந்த உறையை நான் பிரித்தேன். உள்ளே தலைமுடி, சிவப்பு நூல், சாம்பல். என் மகனுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல் இறங்கவில்லை. கோயில் பூசாரியிடம் ஓடினேன். “இது செய்வினைம்மா. அங்கேருந்து வந்தது எதயும் வீட்டுல வைக்காதே” என்றார். அவள் அனுப்பியதெல்லாம் இருந்த பெட்டியோடு பஸ் ஏறி, கோலா சுங்கை பாருவில் கடலில் கொட்டி, எலுமிச்சம்பழம் நறுக்கிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தேன். மறுநாளே காய்ச்சல் விட்டது. அம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன்.

உறையில் இருந்த, எனக்கு வாசிக்கத் தெரியாத ஆங்கிலக் கடிதம் மட்டும் மேசையிலேயே கிடந்தது. பெட்டி போன கதையை நான் சொன்னபின் கொழுந்தனார் அதை நின்றபடியே படித்துச் சொன்னார். வீட்டிலிருந்த படங்களைப் போலீஸ் எரித்துவிட்டதாம். காவலில் வைத்து அவள் தலையையும் மழித்தார்களாம். அந்தச் சாம்பல், அந்த முடி. ‘உங்களிடம் இருப்பதுதான் மிச்சம்’ என்று முடித்திருந்தாள்.

“அவங்க ஊரு போலீஸ்கூட பாதியத்தான் எரிச்சாங்க, அண்ணி.”

சத்தம் போடவில்லை. அன்றைக்கும் அட்டையில் முத்திரை குத்தி அனுப்பினார். பிறகு கடை மாடிக்கே போய்விட்டார். சாகும்வரை என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அவர் இறந்தபின் கடையிலிருந்து இந்த முத்திரை மட்டும் என்னிடம் வந்தது.

போன மாதம் அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அந்தப் பெண்ணின் மகள் எழுதியிருந்தாள். அம்மா இறந்துவிட்டார். அந்த அட்டைகளைக் கடைசிவரை கட்டிலருகே வைத்திருந்தார். போலீஸ் அடித்துக் கேட்டபோதும் உங்கள் முகவரியைச் சொல்லவில்லை. படங்களைப் பார்க்க வரலாமா?

அன்று காய்ச்சலில் கிடந்த மகன்தான் வாசித்துக் காட்டினான். “கரையான் தின்னுருச்சுன்னு எழுதிடுவோம் லா மா. அவங்களுக்கு எப்படித் தெரியப் போவுது?”

“வேணாம்பா. எங்க அம்மாதான் கடல்ல கொட்டுனாங்கன்னு எழுது. செய்வினைன்னு பயந்துதான்னும் எழுது. உனக்காகன்னு எழுதாதே.”

எழுதி முடித்ததும் இழுப்பறையைத் திறந்தேன். மை தொட்டுக் கடிதத்தின் அடியில் முத்திரையை அழுத்தினேன். எழுத்து இன்னும் தெளிவாகத்தான் விழுகிறது.