பாலாற்று வெள்ளம்

சாயம் ஏறிய பட்டு நூலை வாங்கிவரப் போன வீட்டில்தான் அந்தச் சாயக்கார அம்மாவைப் பார்த்தேன். ஒல்லி உடம்பு, முழங்கைவரை அரக்குச் சிவப்பு. மீந்த சாயத்தில் ஒரு பெல்ட்டை முக்கி, சுவரில் ஆணியடித்து மாட்டிய வேட்டியை விளாசிக்கொண்டிருந்தார். வேட்டியில் விழுந்த சிவப்புத் தடங்களைப் பார்த்து, ஓவியத்தின் பெரிய ரசிகன் போல நான் தாடையைத் தடவினேன்.

"என்னம்மா, தக்காளித் தொக்கு கவுந்துடுச்சா?"

"பாலாத்து வெள்ளம்பா. வரைஞ்சா மனசு ஆறுது. பெல்ட்டு என் வூட்டுக்காரருது. இதாலதான் என்னை அடிப்பாரு."

"இப்ப அவரு எங்க?"

"உள்ளதான் கீறாரு, சத்தத்தைக் கேட்டுக்கினு. வரைய ஆரம்பிச்சதிலேர்ந்து என்மேல கை வெக்கல."

அடுத்த அடி விழுந்தது. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த இருமல் சட்டென்று நின்றது. என் இடுப்பு பெல்ட்டைச் சட்டையால் மூடிக்கொண்டேன். அந்த வெள்ளம் அழகா, பயங்கரமா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.