பழைய ரிப்போர்ட்டை நீக்க அனுமதி இல்லை

1. காலை

சேர்வர் பாதுகாப்புப் பொலிசியை, மீறலை நிஜமாகவே தடுக்கும் என்ஃபோர்சிங்குக்கு மாற்றிய அன்று குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் வரும்போதே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையின் சேர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எதையாவது தடுக்க மறந்திருப்பேனோ, தடுக்கக்கூடாததைத் தடுத்திருப்பேனோ என்று மனம் மாறி மாறி அடித்துக்கொண்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கும் மெஷின் முடிவைத் தரும். அதை வாங்கி, நோயாளிக்கொரு ரிப்போர்ட்டாக்கி, வார்டுத் திரைக்குப் போகும் ஃபோல்டரில் வைப்பது சேர்வரில் பின்னணியில் ஓடும் ஒரு சேர்விஸ். வெளியாள் யாராவது அதைக் கைப்பற்றினால் சேர்வர் முழுவதும் அவன் கையில். அதற்காகத்தான் எஸ்இலினக்ஸ் என்ற காவல் ஏற்பாடு. சேர்விஸுக்கு ஒரு லேபல், ஃபோல்டருக்கு ஒரு லேபல். எந்த லேபல் எதை என்ன செய்யலாம் என்று பொலிசியில் எழுதியது மட்டும் நடக்கும். ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, ஓடினாலும் மீற முடியாது.

முதலில் பெர்மிஸிவில் ஓடவிட்டேன். அதில் தடை கிடையாது, மீறல்கள் லொக் என்ற பதிவேட்டில் எழுதப்படும், அவ்வளவுதான். அந்த வரிகளை ஒரு டூலிடம் கொடுத்தால் அதுவே அனுமதி விதிகளை எழுதித் தரும். நான் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொன்றும் எதற்கு என்று பார்த்துத்தான் சேர்த்தேன். ரிப்போர்ட் ஃபோல்டருக்குள் புதிய ஃபைலை வைக்க அனுமதி கொடுத்தேன். இருப்பதை நீக்க அனுமதி கொடுக்கவில்லை. லொக்கிலும் அது கேட்கப்படவில்லை.

2. நெருக்கடி

டொக்டர்கள் வார்டு சுற்றும் நேரம். ஆய்வுகூடப் பொறுப்பாளர் ரிஸானா மிஸ் போனில் கத்தினார்.

“ரஞ்சனி, எந்த வார்டுக்கும் ரிப்போர்ட் போகல்ல! கோல் மேல கோல் வருது. என்ன செஞ்சீங்க?”

போனை வைப்பதற்குள் எங்கள் மனேஜர் சிவநேசன் சேர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், சாதாரணமாகக் குரல் உயர்த்தாதவர்.

“உம்மட பொலிசியாலதானே? திரும்பப் பெர்மிஸிவில போடும்.”

“கொஞ்சம் பொறுங்க சேர், லொக்கப் பாத்துடுறேன்.”

“ஆக்கள் காத்துக்கொண்டு இருக்கினம். ஒரு கொமாண்ட்தானே? அடியும்.”

அடித்தேன். என்டரை மட்டும் தட்டவில்லை. விரல் அதன்மேலேயே இருந்தது. தட்டினால் எல்லாம் ஓடும். தட்டாமல் விட்டு மேலே வார்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்? ரிஸானா மிஸ்ஸை மறுபடி அழைத்தேன்.

“மிஸ், மெஷின் ஸ்கிரீன்ல முடிவு தெரியுதுதானே? வார்டுகளுக்குப் போன்ல வாசிச்சுக் குடுக்க ஏலுமா?”

“ஏலும். எவ்வளவு நேரத்துக்கு? என்கிட்ட ஆள் இல்ல.”

“லொக்கப் பாக்கிற வரைக்கும் மட்டும் மிஸ்.”

லொக்கில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது. ரிப்போர்ட் ஃபோல்டரிலிருந்து ஒரு ஃபைலை நீக்க சேர்விஸ் முயல்கிறது, தடை. மீண்டும் முயல்கிறது, தடை. அது முடியாததால் பின்னால் வரிசையில் நின்ற எல்லா ரிப்போர்ட்டும் தேங்கிவிட்டன.

ரிப்போர்ட் அனுப்பும் சேர்விஸுக்கு நீக்குகிற வேலை எதற்கு? அந்த ஃபைலைத் திறந்தேன். காலையிலேயே வெளியான ரிப்போர்ட். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து சிறுநீரக வார்டில் இருக்கும் ஒரு பெண்ணுடையது. பொட்டாசியம் ஆபத்தான அளவில் ஏறியிருந்தது. அதன் இடத்தில் போய் உட்காரக் காத்திருந்தது கட்டுகஸ்தோட்டை ஆசிரியர் ஒருவரின் ரிப்போர்ட். அவருக்கு எல்லாம் சரி. இரண்டுக்கும் ஒரே சாம்பிள் நம்பர்.

போனை மறுபடி எடுத்தேன். “மிஸ், இன்னைக்கு மெஷின்ல ஏதாவது நடந்துச்சா?”

“காலையில கரண்ட் போய் வந்திச்சி. திரும்பப் போட்டோம். ஏன்?”

மெஷின் மறுபடி எழும்பியபோது நம்பரை ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறது. சேர்விஸோ நாளையும் நம்பரையும் மட்டும் வைத்து ஃபைலுக்குப் பெயரிடுகிறது. ஒரே பெயர் வந்தால் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கும். வார்டுத் திரையோ முதலில் அந்த ஃபைல் பெயரோடு இணைத்த நோயாளியையே காட்டும். நான் என்டரைத் தட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே ஆசிரியரின் பொட்டாசியம் நின்றிருக்கும்.

நான் சொன்னதும் ரிஸானா மிஸ் உடனே வார்டை அழைத்தார். டொக்டர் இன்னும் அந்தக் கட்டிலுக்கு வரவில்லை. சிறிது நேரத்தில் அவளை டயாலிசிஸுக்குக் கொண்டுபோனார்கள்.

அடித்து வைத்த கொமாண்டை அழித்தேன்.

3. அதற்கு முன்னால்

சிவநேசன் சேர் பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“அப்ப, இதுக்கு முதல் கரண்ட் போன நாட்களில?”

பொலிசி அன்றுதான் தொடங்கியது. மெஷின் பல மாதங்களாக ஓடுகிறது. பெர்மிஸிவ் நாட்களில் ஒரு தடவைகூடக் கரண்ட் போகவில்லை என்பதால் லொக்கும் எதையும் சொல்லவில்லை. மெஷினின் சொந்த மெமரியையும் வெளியான ரிப்போர்ட்டுகளையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டோம். பகல் சாப்பாட்டுக்கு யாரும் எழும்பவில்லை.

ஒன்று பிழையாக இருந்தது. கெலிஓயாவில் த்ரீவீல் ஓட்டும் ஒருவர். இரத்தத்தில் சீனி கட்டுமீறியிருந்தது. அவர் பெயரில் அவர் கைக்குப் போனது வேறொருவரின் நல்ல முடிவு.

சேரே போன் எடுத்தார். “ஐயா, ஹொஸ்பிட்டலில இருந்து கதைக்கிறன். உங்களுக்குத் தந்த ரிப்போர்ட் பிழை. பிழை எங்கட. இண்டைக்கே வாங்கோ.”

பின்னேரம் மனைவியோடு வந்தார். காலில் ஆறாத புண் ஒன்று துணியால் சுற்றியிருந்தது. டொக்டர் அவரை உள்ளே கூப்பிட்டதும் மனைவி எங்களைப் பார்த்துக் கேட்டார்: “ஒண்ணுமில்லன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? அத நம்பித்தானே இந்தப் புண்ண நாங்க சும்மா விட்டோம்?”

சேர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். மருந்து அன்றே தொடங்கியது. புண் ஆற நாள் எடுத்தது, ஆனால் ஆறியது. கால் தப்பியது.

சேர்விஸை எழுதிக் கொடுத்த கம்பெனிக்காரர் போனில் சொன்னார்: “நீக்க அனுமதி குடுத்தா கியூ நிக்காது மேடம். சின்ன விஷயம்.” நான் மறுத்தேன். ஃபைல் பெயரில் நோயாளி எண்ணும் நேரமும் சேரும்வரை, நம்பர் மோதிய ரிப்போர்ட்டுகளை வரிசையிலிருந்து எடுத்துவிட்டு நாங்கள் போனில் வாசித்தே கொடுத்தோம். வார்டுகளில் எங்களைத் திட்டினார்கள். பொலிசி மாறவில்லை.

நான் கற்றது இதுதான். தடை வந்ததும் எல்லோருக்கும் அவசரம் வரும், உங்களுக்கும் வரும். அந்த அவசரத்துக்கு ஆட்களை வைத்துச் சமாளியுங்கள், அனுமதியைக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். அந்த அனுமதியால் யாருடைய ரிப்போர்ட் காணாமல் போகும் என்பது உங்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.